சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போகும் அக்கா மகளுக்கு

கண்ணு,

திங்கட்கிழமை சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குள் நீ நுழைந்ததும் ஒரு புதுக் கணினியைக் கொடுப்பார்கள். கூடவே ஒரு பழைய புரோகிராமையும் தலையில் கட்டுவார்கள். சம்பளச் சீட்டு, எடைமேடை, டெலிவரி சலான் மூன்றையும் பார்த்துக்கொள்கிற புரோகிராம், டெல்பி 7-இல் எழுதியது. எழுதியவன் உன் மாமன்தான் என்று அங்கே உடனே சொல்லிவிடாதே. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

போர்லாண்ட் நிறுவனம் டெல்பி என்ற புரோகிராம் எழுதும் கருவியை வெளியிட்டது 1995 பிப்ரவரி 14-ஆம் தேதி. 7-ஆம் பதிப்பு 2002-இல் வந்தது. உன்னைவிட ஒரு வயது மூத்தது. திரையின் மேல்வரிசையில் பொத்தான், கட்டம், பட்டியல் என்று சின்னச் சின்னப் படங்களாக அடுக்கியிருக்கும். அவைதான் கம்போனன்ட். வேண்டியதை எடுத்து ஃபார்மில் வைத்தால் அது பாட்டுக்கு வேலை செய்யும். இல்லாததை வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்திக்கொள்ளலாம். முப்பது வருஷத்தில் நான் அதிகம் அடிபட்டது இந்தப் பொருத்துகிற இடத்தில்தான். எண் போட்டு எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே எண் போட்டால்தான் நீ படிப்பாய்.

1. முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். இது எனக்கு வேண்டுமா என்று கேள். நான் ஆரம்பித்த நாட்களில் யாராவது புதுக் கம்போனன்ட் கொடுத்தால், தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பலகாரத் தட்டு வந்த மாதிரி வாங்கிக்கொள்வேன். ஓடுகிற கடிகாரம், மின்னுகிற பொத்தான், சாய்வாக எழுதும் லேபிள் எல்லாம் வைத்திருந்தேன். டெல்பியைத் திறக்கச் சொல்லிவிட்டு முனைக்கடையில் டீ குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் திறந்து முடிந்திருக்கும். சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று எடுத்துப் போட்ட நிலம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததே, என் கணினியும் அதே கதைதான். பதிவிறக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இறக்குகிறோம் என்று நினைக்கிறோம், தோளில் ஏறுகிறது.

2. வரிசை தவறாதே. மூட்டையைப் பிரித்ததும் உள்ளே இருக்கிற ரீட்மீயைப் படி. பெரும்பாலும் இரண்டு பேக்கேஜ் இருக்கும். ஒன்று புரோகிராம் ஓடும்போது தேவைப்படுவது, மற்றொன்று டெல்பித் திரையில் படமாக வந்து உட்காருவது. முதலாவதைக் கம்பைல் செய்த பிறகே இரண்டாவதைக் கம்பைல் செய்து இன்ஸ்டால் பண்ண வேண்டும். அதன் பிறகு சோர்ஸ் இருக்கும் ஃபோல்டரை லைப்ரரி பாத்தில் சேர்க்க வேண்டும். பந்தக்கால் நட்ட பிறகுதானே தோரணம்? டெல்பியையே புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைக்காதே; புது விண்டோஸ் அங்கே எழுத விடாமல் மல்லுக்கு நிற்கும். வேறு டிரைவில் தனியாக ஓர் இடம் கொடு.

எடைமேடைக்காக நான் முதலில் பொருத்தியது கம்போர்ட் என்ற கம்போனன்ட். தேஜன் கிர்னிலா என்பவர் எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. லாரி மேடையில் ஏறி நின்றதும், எடை காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக வருகிற எண்ணை அது வாங்கிக் கொடுக்கும். அன்று ராத்திரி முழுக்க ‘கோப்பைக் காணவில்லை’ என்றே டெல்பி சொல்லிக்கொண்டிருந்தது. பாத் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கோபத்தில் அதன் கோப்புகளையெல்லாம் அள்ளி டெல்பியின் லிப் ஃபோல்டருக்குள் கொட்டினேன். ஓடிவிட்டது! மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆறு மாதம் கழித்துப் புதிய பதிப்பைப் பொருத்தியபோது, லிப்பில் ஒளிந்திருந்த பழைய கோப்பும் புதியதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. ‘இந்த யூனிட் வேறு பதிப்போடு கம்பைல் ஆனது’ என்று ஒரே புலம்பல். காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வாசலில் லாரிகள் நின்றன. எடையைக் கையால்தான் எழுதினார்கள்.

3. திருட்டுச் சரக்கு வேண்டாம். அந்தக் காலத்தில் சென்னையில் ஒரு கடையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு சிடி கிடைக்கும். உலகத்துக் கம்போனன்ட் எல்லாம் அதில் இருக்கும், பூட்டு உடைத்தது பாதி, சோதனைப் பதிப்பு பாதி. நானும் வாங்கினேன். சோதனைப் பதிப்பு பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு: அதே கணினியில் டெல்பி திறந்திருந்தால்தான் ஓடும். என் மேசையில் அருமையாக ஓடியது. தொழிற்சாலையில் முதலாளி, கணக்கர், இரண்டு சூப்பர்வைசர் சுற்றி நிற்க நான் திறந்து காட்டினேன். ‘இது பணம் கட்டாத பிரதி’ என்று திரை நடுவில் ஒரு பெட்டி எழும்பி நின்றது. கணக்கர் அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்.

4. எச்சரிக்கையைக் கடைசி வரி வரைக்கும் படி. புதுக் கணினியில் என் புரோகிராமின் எடைமேடை ஃபார்மை நீ திறந்ததும் ஒரு செய்தி வரும், கண்டிப்பாக வரும். ‘டிகம்போர்ட் என்ற வகுப்பைக் காணோம், தவறைப் பொருட்படுத்தாமல் தொடரலாமா?’ என்று கேட்கும். கீழே மூன்று பொத்தான்: பொருட்படுத்தாதே, ரத்து செய், எல்லாவற்றையும் பொருட்படுத்தாதே. மூன்றாவதன் மேல் விரல் தானாகப் போகும். போக விடாதே. அதே செய்தியின் அடிவரியில், அப்படிச் செய்தால் கம்போனன்ட்டுகள் அழிந்துபோகலாம் என்று எழுதியிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. மூன்றாவதை அழுத்தினேன், ஃபார்ம் திறந்தது, ஒரு லேபிளைக் கொஞ்சம் நகர்த்தினேன், சேமித்தேன். அந்த ஃபார்மிலிருந்த சீரியல் போர்ட்டும் அதோடு இணைந்த அமைப்புகளும் சுவடில்லாமல் போய்விட்டன. டெல்பி பொய் சொல்லவில்லை. கேட்டுவிட்டுத்தான் செய்தது. ரத்து செய்துவிட்டு வெளியே வா, கம்போனன்ட்டைப் பொருத்து, பிறகு திற. அவசரமாக இருக்கிற நாளில் இந்தச் செய்தி வந்தால் எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வா.

5. சோர்ஸ் இல்லாமல் வாங்காதே. வாங்கிய பிறகு அதன் வயிற்றைக் கிழிக்காதே. கம்பைல் ஆன டிசியு கோப்பு தான் பிறந்த பதிப்புக்கு மட்டுமே ஒத்துப்போகும். 6-க்கு ஆனது 7-க்கு ஆகாது. விற்றவர் கடையை மூடிவிட்டால் நீ அதே பதிப்பில் காலம் தள்ள வேண்டியதுதான். சோர்ஸ் இருந்தால் பாடுபட்டாவது அடுத்ததுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் கையில் சோர்ஸ் இருக்கிறதே என்று உள்ளே புகுந்து மாற்றுகிற ஆசை வரும் பார், அதைத்தான் அடக்க வேண்டும். சலானின் மேல்வரியில் ‘பாண்டிச்சேரி’ என்று வர வேண்டும் என்பதை ரிப்போர்ட் கம்போனன்ட்டின் உள்ளேயே எழுதி வைத்த மகாபுத்திசாலி நான். 2006-இல் பாண்டிச்சேரி சட்டப்படி புதுச்சேரி ஆனது. எந்தக் கோப்பில் எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. தேடித் திருத்தினேன். அடுத்த வருஷம் கம்போனன்ட்டின் புதிய பதிப்பைப் போட்டபோது திருத்தமும் போய், ஓரத்தில் தாளுக்காக விட்டிருந்த அளவும் போய்விட்டது. உனக்கு மாற்றம் வேண்டுமென்றால் அந்தக் கம்போனன்ட்டிலிருந்து ஒரு பிள்ளையை உண்டாக்கி, பிள்ளைக்கு உன் பழக்கத்தைச் சொல்லிக்கொடு. தாய் தாயாகவே இருக்கட்டும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34 என்ற மாநிலக் குறியீட்டைத் தனி அட்டவணையில் வைத்தேன். நம் ஊரில் எல்லை எப்படி நெளிகிறது என்று உனக்குத் தெரியும். பத்து நிமிஷம் வண்டி ஓட்டினால் வரியே மாறிவிடும்.

6. யாருக்காகப் பொருத்துகிறாய் என்று அவர் முகத்தைப் பார். சம்பளச் சீட்டில் தொழிலாளர் பெயர் தமிழில் வர வேண்டும் என்று கேட்டார்கள். விண்டோஸ் 2000-லிருந்தே லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்துவிட்டது. ஆனால் டெல்பி 7-இன் லேபிளுக்கும் பொத்தானுக்கும் யூனிகோடு தெரியாது. தெரியாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். முருகன் என்று பெயர் இருந்தால் சீட்டில் ஏழு கேள்விக்குறி. நமக்கு நான்கு எழுத்து. கணினியோ உகரத்தையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். ஆங்கிலத்தில் போட்டுவிட்டால் போகிறது என்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன். சோதனைக்கு அச்சடித்த சீட்டு ஒன்று தவறுதலாக ஒரு தொழிலாளியின் கைக்குப் போய்விட்டது. அவர் என் அறைக்கே வந்து சீட்டை நீட்டினார்.

“என் பேர்ல என்ன சார் சந்தேகம்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ட்ராய் வோல்பிரிங்க் என்பவர் எழுதிய டிஎன்டி யூனிகோடு கம்போனன்ட்டுகள் அப்போது இலவசமாகக் கிடைத்தன. பழைய லேபிள் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு அவருடையதை வைத்தேன். நூற்றுச் சொச்சம் லேபிள், ஒரு வாரம். அச்சடிக்கும் இடத்தில் ரிப்போர்ட் கம்போனன்ட் ஒத்துவரவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் விண்டோஸிடமே நேராகச் சொல்லி எழுதச் செய்தேன். பிறகு டெல்பி 2009 வந்தபோது யூனிகோடு அதன் உடம்பிலேயே கலந்துவிட்டது. அதற்கு மாறியவர்கள் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று நம்பி எழுதிய பழைய கம்போனன்ட்டுகளோடு மாரடிக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை. நீ அந்தப் புரோகிராமை மாற்றி எழுதும் நாள் வந்தால், முதலில் சம்பளச் சீட்டை அச்சடித்துப் பார். திரையில் சரியாக இருப்பது தாளிலும் சரியாக வரும் என்று நம்பாதே.

7. உன்னால் கெட்டுப்போனதை நீயே போய்ச் சொல். 2009 ஆகஸ்டில் ஆன்டிவைரஸ்காரர்கள் இன்டக் என்ற ஒன்றைப் பற்றிக் கூச்சல் போட்டார்கள். மற்ற வைரஸ்களைப் போல அது எல்லாரையும் தேடவில்லை. எங்களைப் போன்றவர்களை மட்டும் தேடியது. ஒரு கணினியில் டெல்பி 4-இலிருந்து 7 வரைக்கும் எது இருந்தாலும், அதன் சிஸ்கான்ஸ்ட் என்ற சோர்ஸ் கோப்பை எடுத்து, தன் வரிகளைச் சேர்த்து, அங்கேயே கம்பைல் செய்து, நல்லது இருந்த இடத்தில் தன்னுடையதை வைத்துவிடும். நல்லதை பேக் என்ற வால்பெயரோடு பக்கத்திலேயே விட்டுவைக்கும். அன்றிலிருந்து நீ எழுதுகிற புரோகிராம் எல்லாம் நோயோடுதான் பிறக்கும். பரவியதைத் தவிர அது வேறு கெடுதல் செய்யவில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

செய்தியைப் படித்துவிட்டு, நமக்கெல்லாம் வராது என்ற நினைப்போடுதான் லிப் ஃபோல்டரைத் திறந்தேன். சிஸ்கான்ஸ்ட் பேக் என்று ஒரு கோப்பு உட்கார்ந்திருந்தது. நண்பர் ஒருவர் கொடுத்த இலவசக் கருவியை ஒருநாள் ஓட்டிப் பார்த்திருந்தேன்; அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நான்கு தொழிற்சாலைகளில் என் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் புதுப் பதிப்பு என்று சொல்லி மாற்றிவிட்டு வந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. ராத்திரி அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். காலையில் உன் அத்தை, “உங்க டிவிஎஸ் ஃபிஃப்டில ஓட்டை இருக்குனு மெக்கானிக் சொல்லாம விட்டா நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்டாள். ஒவ்வோர் இடமாகப் போய் விஷயத்தைச் சொல்லி மாற்றினேன். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். இருவர் தலையை ஆட்டினார்கள், அவர்களுக்குப் புரிந்ததா என்பது சந்தேகம். நான்காமவர் அந்த மாதத்தோடு என்னை நிறுத்திவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

8. வந்த மூட்டையை வைத்துக்கொள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. நீ அப்போது சின்னப் பெண். தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது உனக்கு நினைவிருக்கும். கரண்ட் வர நாளானது. சேதராப்பட்டில் நான் உட்கார்ந்திருந்த ஷெட்டின் கூரைத் தகடு இரண்டு பறந்து, என் கணினி மழையில் ஊறிப்போயிருந்தது. புரோகிராமின் சோர்ஸை மட்டும் வீட்டில் ஒரு சிடியில் வைத்திருந்தேன். அந்த நல்ல பழக்கத்துக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். புதுக் கணினியில் டெல்பியைப் போட்டேன். சோர்ஸைத் திறந்தேன். கம்பைல் ஆகவில்லை.

கம்போனன்ட்டுகளின் மூட்டைகள் என்னிடம் இல்லை. வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். தேடினால் எழுதியவர்களில் மூன்று பேருடைய தளமே இல்லை. இன்னொருவர் புதிய பதிப்பு மட்டும் வைத்திருந்தார். அது டெல்பி 7-க்கு ஆகாது. மாதச் சம்பளம் போடும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், இரண்டு வருஷம் முன்பு என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோன ஒரு பழைய கூட்டாளியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே ஒவ்வொரு மூட்டையும் பதிப்பு எண், இறக்கிய தேதி எழுதிய உறையோடு இருந்தது. சண்டையே அவர் இப்படி எல்லாவற்றையும் எழுதி வைத்து நேரத்தை வீணாக்குகிறார் என்று நான் சொன்னதில் வந்ததுதான்.

இப்போது ஒரு கட்டளையில் எல்லாம் இறங்கிவிடுகிறது, இதெல்லாம் பழங்கதை என்று நீ சொல்வாய். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிச் சரக்கை எழுதியவர் அப்படிக் கட்டளையில் இறக்கிக்கொள்கிற என்பிஎம் கிடங்கிலிருந்து அதை எடுத்துவிட்டார். உலகம் முழுக்க எத்தனையோ பேருடைய பில்ட் நின்றுபோனது. நின்றவர்களில் பலருக்குத் தாங்கள் அதைப் பயன்படுத்துகிறோம் என்பதே அன்றுதான் தெரியும்.

9. எழுதிய மனிதனை மறக்காதே. நீ பொருத்துகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ராத்திரி கண் விழித்த ஒருவர் இருக்கிறார், பெரும்பாலும் சம்பளமில்லாமல். பிழை கண்டால் திட்டி எழுதாதே. எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது, என்ன வந்தது என்று மூன்று வரி எழுது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியை லாஸ்ஸே காலின் என்ற ஒருவர் வருஷக்கணக்கில் ஏறக்குறைய தனியாகவே சுமந்தார். களைத்திருந்த நேரத்தில் சிலர் அவரை நச்சரித்தார்கள். உதவிக்கு வந்தவன்போல் ஒருவன் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு, உள்ளே கள்ளக்கதவு வைத்தான். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைப் பிடித்தார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. நீயாக இருந்தால் அந்த அரை நொடியை விட்டிருப்பாய். நானும்தான்.

10. வீட்டில் பழக லாசரஸ் வைத்துக்கொள். இலவசம், டெல்பிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதில் ஒரு பேக்கேஜைப் பொருத்தினால் லாசரஸ் தன்னையே மறுபடி கட்டிக்கொண்டு எழுந்து வரும். பழைய உருவத்தையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும். முதல் தடவை பார்க்கும்போது பயப்படாதே.

11. எழுதி வை. என்ன பொருத்தினாய், எங்கிருந்து வந்தது, எந்தப் பதிப்பு, எந்த வரிசை, எதற்காக. தானே புயலுக்குப் பிறகு நானும் ஒரு நோட்டு போட்டேன். நீல அட்டை, தொழிற்சாலையில் கிடங்குக்குப் போகிற வழியில் இருக்கும் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். இழுத்தால் வராது, கொஞ்சம் தூக்கி இழு. 14-ஆம் பக்கத்தில் கம்போர்ட் பொருத்தும் வரிசை எழுதியிருக்கிறேன். அதில் மூன்றாவது படியில் ஒரு தவறு உண்டு. எழுதிய அன்றே தெரியும், திருத்த மறந்துவிட்டேன். என்ன தவறு என்று இப்போது நினைவில்லை. நீ செய்யும்போது அகப்படும். அடித்துவிட்டுப் பக்கத்தில் உன் கையெழுத்தில் எழுது, தேதியும் போடு.